வாவிக்கு அப்பாலும் செவிகள் உண்டு

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன் என்று எவரிடமேனும் சொன்னால், அவர் அடுத்து என்ன கேட்பார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். "உங்கள் ஊரில் மீன் பாடுமாமே, மெய்தானா?" என்பார். மெய்தான் என்பேன். ஆனால், அந்தப் பாட்டைக் கேட்கும் முறையைச் சொல்லத் தொடங்கியதும் பலருக்கு உற்சாகம் குன்றிவிடும். பூரணை இரவில் தோணி ஏறி வாவியின் நடுவே செல்லவேண்டும். காற்று அடங்கியிருக்கவேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு சேர்த்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும். அப்போது, எங்கோ ஆழத்திலிருந்து தந்தியை மெல்லத் தொட்டாற்போன்ற ஓசை வரும், வராமலும் போகும்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் இங்கே வந்து, இரவில் தோணியிற் சென்று இவ்வோசையைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதை விரிவாக எழுதிவைத்தார். பாடுவது மீனன்று, ஊரியே என்று மீனவர் அவருக்குச் சொன்னார்கள். யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள், வாவியின் இந்த இசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடினார். 1960களில் லாங் அடிகளார் என்னும் கத்தோலிக்கத் துறவியின் முயற்சியால் இலங்கை வானொலி இதனை ஒலிபரப்பியது. ஆக, எங்கள் ஊருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது ஓர் ஆரவாரமன்று. ஆரவாரம் அடங்கிய இடத்தில் மாத்திரம் கேட்கக்கூடிய ஒரு சிற்றொலி. இதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நான் சொல்லப்போகும் கதை முழுவதும் இதிலேதான் தங்கியிருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன்னர் என் பேத்தி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். வயது ஒன்பது. மீன் பாடுவதைக் கேட்கவேண்டும் என்று பிடிவாதம் செய்தாள். சித்திரை தொடங்கி ஆவணி வரையுள்ள பூரணை இரவுகளே அதற்கு ஏற்றவை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அன்று ஆவணிப் பூரணை. அயல்வீட்டுத் தோணிக்காரரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். என் தந்தையார் எனக்குக் காட்டியவாறே துடுப்பை நீரில் இறக்கி, அவளது செவியை அதன்மேல் வைத்துக்கொடுத்தேன். சிறிது நேரம் அசையாமல் இருந்த பிள்ளை தலையை உயர்த்தி, "அம்மப்பா, மீன் சினிமாப் பாட்டும் பாடுமா?" என்றாள்.

தோணிக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாவியின் மேற்குக் கரையிலே ஒரு கோயிலில் திருவிழா. அங்கே தென்னை உச்சியிற் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழல்கள், அம்பாள் பாட்டு முடிந்து, இடைவேளைக்குச் சினிமாப் பாட்டைப் பொழிந்துகொண்டிருந்தன. பிள்ளையின் ஒரு செவி துடுப்பில் இருந்தது. மற்றச் செவியை யார் மூடுவது?

இடம் அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையிலுள்ள நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று எங்கள் முன்னோர் அழகாகப் பெயரிட்டார்கள். நான் எழுவான்கரையான். ஓய்வுபெற்ற ஆசிரியன், எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் விழாச் சபைக்குப் பல ஆண்டுகள் செயலாளனாய் இருந்தவன். இந்தக் கடைசித் தகுதியை வாசகர்கள் மறந்துவிடவேண்டாம்.

அந்த ஆவணியிலே என் மனைவி பாரிசவாதத்திலிருந்து மெல்லத் தேறிவரும் நிலையில் இருந்தார். நல்ல உறக்கம் வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்கரைத் திருவிழாவோ பத்து நாள். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரையில் குழல்கள் ஓயமாட்டா. யன்னல்களைச் சாத்தினேன், புழுக்கம் தாளவில்லை. செவியிற் பஞ்சு வைத்தோம். பஞ்சு சிறு ஓசைகளைத் தடுத்ததே தவிர, அந்தப் பெருமுழக்கத்தைத் தடுக்கவில்லை. கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினோம். ஆங்கில அறிஞர் காலைல் இலண்டனிலே அயல்வீட்டுச் சேவல்களின் தொல்லை பொறாது 1853இல் பெரும் பணம் செலவிட்டு, ஓசை புகாத அறையொன்றை வீட்டு உச்சியிற் கட்டுவித்தார் என்றும், கட்டி முடிந்த பின் வீட்டிலேயே அதிகம் ஓசை கேட்ட அறை அதுதான் என்றும் படித்திருக்கிறேன். எங்கள் சமையலறையும் அவ்வாறே ஆயிற்று. வாவியை நோக்கிய கதவு அதற்கே இருந்தது.

ஒரு கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து இவ்வளவு ஓசை எப்படி வருகிறது என்று நான் வியந்ததுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஓசை ஆறு டெசிபெல் குறையும் என்பது பௌதிகம். குழலிலிருந்து ஒரு மீற்றரில் 110 டெசிபெல் என்றால், ஒரு கிலோமீற்றரில் 50 நிற்கும். பிரதேச சபை எல்லைகளில் இரவு வேளைக்கு 45 டெசிபெல் என்பது இந்நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வகுத்த எல்லை. அதற்கு மேல், நிலத்திலே மரமும் வீடும் வேலியும் ஓசையைத் தடுக்கும். நீர்ப்பரப்பில் தடுப்பார் எவருமில்லை. நீர் ஓசையை உறிஞ்சுவதுமில்லை. வழுவழுப்பான தரைமேற் பந்தை உருட்டிவிடுவதுபோல் அனுப்பிவிடுகிறது. காற்று அடங்கி, கீழே குளிர்ந்தும் மேலே வெப்பமாயும் வளி அமையும் இரவானால், மேலே போகவேண்டிய ஓசையும் வளைந்து கீழே வந்துவிடும். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று சொன்ன நம் முன்னோர் பௌதிகம் படியாமலே இதை அறிந்திருந்தார்கள்.

ஓசையே வேண்டாம் என்பவனல்லன் நான். எங்கள் இரவுகள் ஒருகாலத்திலும் ஊமையாய் இருந்ததில்லை. களரியிலே விடியும்வரை கூத்து நடக்கும்; மத்தளமும் சல்லரியும் கேட்கும். வைகாசிச் சடங்கிலே உடுக்கை ஒலிக்க, கண்ணகி வழக்குரையை இரவிரவாகப் பாடுவார்கள். ஆனால் பாடுகிறவனுக்குத் தொண்டை கட்டும்; அடிக்கிறவனுக்குக் கை ஓயும். அந்த ஓசைக்கு மனித உடம்பே எல்லை வகுத்தது. 1915இல் அமெரிக்காவிலே ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் ஒலிபெருக்கியை உருவாக்கி, ஒருவரின் குரலைப் பல்லாயிரவருக்குக் கேட்கச் செய்தார்கள். அன்றே அந்த எல்லை போயிற்று. களைப்பறியாத தொண்டை ஒன்று பிறந்தது. இன்று கோயில் மாத்திரமா? கல்யாண மண்டபம், அரசியற் கூட்டம், சுவீப் டிக்கற் விற்கும் வண்டி, எல்லாருக்கும் அந்தத் தொண்டை உண்டு. பாண் விற்கும் முச்சக்கரவண்டி காலையிற் பீத்தோவனின் மெட்டை இசைத்து வருவதை மாத்திரம் நான் மன்னித்துவிடுகிறேன். பாண் சூடாக இருக்கிறது.

இன்னுமொரு நியாயத்தையும் சொல்லவேண்டும். யுத்த காலத்திலே எங்கள் இரவுகள் மிக அமைதியாய் இருந்தன. அந்த அமைதியை நான் எவருக்கும் வேண்டேன். நாய் குரைத்தாற்கூட நெஞ்சு பதறும். சடங்குகளைப் பொழுது சாயுமுன் முடித்துக்கொண்டு வீடு திரும்பினோம். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் முதன்முறையாகக் கோயில் மரத்திற் குழல் கட்டிப் பாட்டுப் போட்டபோது, வீதியில் நின்று கண்ணீர் விட்டவர்களுள் நானும் ஒருவன். அந்த இரைச்சல் நாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று சொன்னது. இரைச்சலை எதிர்த்து எவரும் வாய் திறவாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த ஆவணியில் என் பொறுமை கடந்துவிட்டது. சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஒலிபெருக்கி பூட்டுவதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். தென்னிலங்கையில், வெலிகமையிலுள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி பற்றி எழுந்த வழக்கொன்றிலே, 2007ஆம் ஆண்டு நவம்பரில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது. விசேட வைபவங்களுக்கு ஓரளவு விலக்கு உண்டு. மற்ற வேளைகளிலும் ஓசை அந்தந்த வளவின் எல்லையைத் தாண்டலாகாது என்று அது பணித்தது. எந்தச் சமயத்துக்கும் தனிச் சலுகை இல்லை. இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டின் விதிகள் இதே நேரத்தையே எல்லையாக்கியுள்ளன. கேட்க விரும்பாதவனைக் கேட்கும்படி வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை என்பதே இவற்றின் சாரம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட ஆயத்தமானேன்.

படுக்கையிலிருந்தபடியே என் மனைவி சொன்னார்: "முதலில அவங்களோட போய்க் கதைச்சுப் பாருங்க. பொலிசுக்குப் பிறகும் போகலாம்."

மறுநாள், 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தின் வழியாக, அயல்வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்குப் போனேன். அந்தக் கோயிலின் வண்ணக்கர் வீட்டை விசாரித்து அடைந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க விவசாயி. என் பெயரையும் ஊரையும் சொன்னேன். "மாஸ்டர், இருங்க. தேத்தண்ணி குடிச்சிற்றுக் கதைப்பம்" என்றார். நான் தாளை மடியில் விரித்து, என் மனைவியின் நிலையையும் தீர்ப்பையும் மணிக்கணக்கையும் ஒன்றும் விடாமற் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "இஞ்சால ஒருக்கா வாங்க" என்று வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார்.

அங்கே வாவி. அதற்கப்பால், தெளிவாக, எங்கள் ஊர், எங்கள் கோயில், கோயில் மரத்தில் எங்கள் குழல்கள் நான்கு. நான்கும் அவருடைய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்கட அம்மா போன வைகாசியில மோசம் போனா" என்றார். "உங்கட அம்மாள் சடங்கு நடந்த நாள். கடைசி ராவு என்னவோ சொன்னா. வாய் அசைஞ்சது. காதக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டன். உங்கட பக்கத்துப் பாட்டுத்தான் கேட்டது. என்ன சொன்னா எண்டு இன்னும் எங்களுக்குத் தெரியா."

நான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் ஐயா, வந்து சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சாமி காரியம் மாஸ்டர். அம்மாளுக்குச் செய்யிற சடங்கு. என்னெண்டு வந்து நிப்பாட்டச் சொல்ற?"

வாசகர்களே, இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டு எங்கள் கோயில் விழாவின்போது, குழல்கள் ஊரைப் பார்த்து அலறுகின்றன, பிள்ளைகள் படிக்க முடியவில்லை என்று வீதியிலுள்ளவர்கள் முறையிட்டார்கள். விழாச் சபை கூடியது. செயலாளனாகிய நான் எழுந்து, மிகப் புத்திசாலித்தனமான யோசனை ஒன்றைச் சொன்னேன்: "குழல்களை வாவிப் பக்கம் திருப்பிவிடுவோம். அங்கே யார் இருக்கிறார்கள்? தண்ணீர்தானே!" எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பிலே அதை எழுதியதும் என் கைதான். நாங்கள் அம்மனைக் குளிர்விக்கக் குளிர்த்தி பாடினோம். பாடி, அக்கரையிலே ஒரு வீட்டைச் சுட்டோம்.

அவர்கள் குழல்களை எங்கள் பக்கம் திருப்பியதற்கும் காரணம் அதுவே. அவர்களுடைய விழாச் சபையிலும் என்னைப்போல ஒரு புத்திசாலி இருந்திருக்கிறார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நடந்ததை மறைக்காமற் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமச் செய்ததுதானே மாஸ்டர்" என்றார் அவர். அதைக் கேட்டு என் மனம் ஆறவில்லை. தெரிந்துகொள்ள முயலாததும் ஒரு செயல்தானே?

அன்று இருவரும் சில முடிவுகளுக்கு வந்தோம். மரத்திலிருந்து குழல்களை இறக்குவது. பதிலுக்குச் சிறு பெட்டிகளைக் கோயில் மதிலின் உட்புறம், ஆள் உயரத்தில், உள்நோக்கி வைப்பது. இரவு பத்து மணிக்கு நிறுத்துவது. அதன்பின் வழக்குரையோ கூத்தோ நடந்தால் மனிதக் குரலும் உடுக்கும் மத்தளமுமே போதும். எந்தக் கரையிலேனும் நோயாளியோ மரண வீடோ இருந்தால் ஒருவருக்கொருவர் ஆளனுப்பி அறிவிப்பது.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. சபையிலே எளிதாக இருக்கவில்லை. இளைஞர்கள், "ஹோண் இல்லாட்டி அது என்ன திருவிழா?" என்றார்கள். அவர்களைவிடக் கடினமானவர்கள் உபயகாரர்கள். எங்கள் கோயில்களில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடியாரின் திருவிழா. நேற்றைய குடியாரின் பாட்டு எவ்வளவு தூரம் கேட்டதோ, அதைவிட இன்றையதும் தூரம் கேட்கவேண்டும். பணம் கொடுப்பவரின் பெயர் தெய்வத்துக்குக் கேட்டால் மாத்திரம் போதாது. சம்பந்தி வீட்டுக்கும் கேட்கவேண்டும். சட்டத்தை வாசித்துக் காட்டினேன், முகங்கள் இறுகின. அந்தத் தாயின் கடைசி வார்த்தையைச் சொன்னேன். சபை மௌனமாயிற்று. மூத்த பெண்ணொருத்தி, "அம்மாளும் ஒரு பொம்பிளைதானே. இதக் கேட்டா அவவுக்குப் பொறுக்குமா?" என்றாள். அதன்மேல் எவரும் பேசவில்லை.

முற்றும் வென்றோம் என்று சொல்லமாட்டேன். முதலாண்டிலே ஓர் உபயகாரர் தம் நாளில் இரகசியமாய் இரண்டு குழல்களை மரத்தில் ஏற்றிவிட்டார். அன்றிரவே அக்கரையிலிருந்து தொலைபேசி வந்தது. பத்தரை மணிக்கு இறக்கினோம். கல்யாண மண்டபங்கள் இன்னும் எங்கள் சொற்கேட்பதில்லை. அவற்றுக்கு அந்தத் தாள் வேண்டித்தான் இருக்கிறது. அதை நான் கிழித்துவிடவில்லை. பேச்சு பலியாத இடத்துக்குச் சட்டம் வேண்டும். ஆனால் சட்டத்தைக் கையிலெடுக்குமுன், நம்முடைய குழல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒருமுறை வெளியே வந்து பார்ப்பது நல்லது.

என் மனைவி இப்போது தடியூன்றி முற்றத்தில் நடக்கிறார். இரவிலே நன்றாக உறங்குகிறார்.

சென்ற விடுமுறைக்குப் பேத்தி மறுபடியும் வந்தாள். பூரணையன்று மீண்டும் தோணி ஏறினோம். துடுப்பை நீரில் இறக்கினேன். அவள் நெடுநேரம் செவியை எடுக்கவில்லை. பிறகு, உதட்டில் விரலை வைத்து, என்னையும் கேட்கும்படி சைகை செய்தாள். நானும் செவியை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுபதைத் தாண்டிய செவி அல்லவா? ஆனால் துடுப்பை விட்டு நிமிர்ந்தபோது அக்கரையிலிருந்து ஓர் ஓசை வந்தது. யாரோ ஒரு தாய், பிள்ளையைச் சாப்பிட வரும்படி பெயர் சொல்லி அழைத்தாள். அந்தப் பெயர்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.